இரண்டு மாதங்களுக்கு நடுவில் ஒரு சாவி

ரெமிஜியஸிடம் நீளமான நோட்டு ஒன்று உண்டு. பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியிலும் அதைச் சுற்றியும் அவர் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த, பிடித்துக் கொடுக்க முயன்ற ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதில் ஒரு பக்கம். உரிமையாளர் பெயர், உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளவு, தூண்கள் எத்தனை, தூணைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு, ஷட்டரின் அகலம், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கும். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி. அந்த உரிமையாளர் எந்த மாதத்தில் கையெழுத்துப் போடமாட்டார் என்பது அந்த வரி.

வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று நினைக்கிறவர் கடையை வாடகைக்கு விட்டுப் பார்த்தவர் இல்லை. கன்னடக்காரர்களுக்கு ஆஷாடம் ஆகாது. தமிழர்களுக்கு ஆடியும் மார்கழியும் ஆகாது. மகாளய பட்சத்துப் பதினைந்து நாள் யாருக்குமே ஆகாது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வியாபாரிகளை மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ரெமிஜியஸ் கத்தோலிக்கர். தவக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். கடை திறக்கத் தடை எதுவும் இல்லை. தனக்கென்று மூடிய மாதம் இல்லாததால், மற்றவர்களுடையதை எல்லாம் இருபது வருடமாக அவர்தான் ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டில் சீனிவாசராகவன் என்ற உரிமையாளரின் பக்கத்தில் இருந்த சிவப்பு வரிதான் போன ஜூலையில் அவரைக் கவிழ்த்தது.

ரெமிஜியஸ் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் தொழிலாளர் லைன் வீடு ஒன்றில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். இவர் இறங்கவில்லை; கம்பெனி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. சுரங்கம் மூடியபோது இவருக்கு முப்பத்துமூன்று வயது. மற்றவர்களைப் போலவே ரயிலேறிப் பெங்களூர் வந்தார். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பெயர் எழுதி வாங்க வேண்டும். அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடி பதினாலு மாதம் காலியாகக் கிடந்தது. வாரத்துக்கு இரண்டு பேர் வந்து வாடகை கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். உரிமையாளர் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. காலியாகப் போட்டுவைப்பதற்குப் பதில் பாதி வாடகைக்காவது விடலாமே என்று ரெமிஜியஸுக்குத் தோன்றும். யாரிடம் கேட்பது?

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வருடம் ஆயிற்று. மேல்மாடி அலுவலகங்கள் குப்பையில் போட்ட வாடகை ஒப்பந்த நகல்களை எடுத்துவைத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிவரியாகப் படித்தார். வீட்டின் விலையை மனையையும் செங்கல்லையும் பார்த்துச் சொல்லலாம். கடையின் விலையை அது தரும் வாடகையை வைத்துத்தான் சொல்கிறார்கள். வங்கி கொடுக்கும் கடனும் அந்த வாடகையின் மேல்தான் நிற்கிறது. வாடகையைக் குறைத்து ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அன்றைக்கே கட்டடத்தின் விலையும் இறங்கிவிடும். வங்கி கடனைத் திருப்பிக் கேட்கும். காலியாக இருக்கும் இடத்துக்கு என்ன வாடகை வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதனால் உரிமையாளர்கள் தாளில் வாடகையைக் குறைக்காமல், முதல் மூன்று மாதம் வாடகை வேண்டாம், உள்வேலை செய்துகொள் என்பார்கள். வந்தவருக்கும் லாபம், எழுத்தில் இருக்கும் வாடகையும் இறங்காது. இது புரிந்த நாளில்தான் ரெமிஜியஸ் செக்யூரிட்டி உடுப்பைக் கழற்றினார். முதலில் வாங்கியது ஐம்பதடி டேப்.

தரகர்கள் அளவைக் கூட்டிச் சொல்வார்கள். ரெமிஜியஸ் தானே குனிந்து அளப்பார், தூணைக் கழிப்பார். "தூணு வாடகை கட்டாது சார்" என்பார். அதனால் அவருக்கு வேலை கிடைப்பது கொஞ்சம் தாமதம், கிடைத்தால் நிற்கும். இப்போது ஐம்பத்தேழு வயது. ஈஜிபுராவில் வாடகை வீடு, அதுவும் இரண்டாவது மாடி. வலது முட்டி போன வருடமே போய்விட்டது. கடை காட்டுவதென்றால் படி ஏறுவதுதான் தொழில். ஏறியாக வேண்டும்.

சீனிவாசராகவன் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைசூர் மகாராஜா காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த தமிழ் ஐயங்கார் குடும்பம். ஹெப்பகோடி மெயின் ரோட்டில் எப்போதோ வாங்கிப்போட்ட மனையில் மூன்று அடுக்குக் கட்டடம் ஒன்று எழுப்பினார். வாடகையின் மேல் வங்கிக் கடன். தரைத்தளத்தில் சூப்பர் மார்க்கெட், முதல் மாடியில் டியூஷன் சென்டர், இரண்டாவது மாடியில் பல் டாக்டர். மூன்று பேரையும் பிடித்துக் கொடுத்தவர் ரெமிஜியஸ். இரண்டு வருடத்துக்கு முன் சீனிவாசராகவன் காலமானார். போன வருடம் சூப்பர் மார்க்கெட்டும் காலி செய்துகொண்டு போனது. வாடகையில் பாதிக்கு மேல் தந்துகொண்டிருந்தது தரைத்தளம்தான்.

பதினோரு மாதம் ஷட்டர் மூடிக் கிடந்தது. வங்கி கடிதம் அனுப்பியது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் தரைத்தளத்துக்குக் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கடனில் நாற்பது லட்சத்தை ஒரே தடவையில் கட்ட வேண்டும். சீனிவாசராகவனின் மனைவி பாமாவிடம் நாற்பது லட்சம் இல்லை. கட்டடத்தை விற்றால்தான் உண்டு.

குழாய், பாத்ரூம் சாமான் கடை வைத்திருக்கும் சன்னவீரப்பா என்பவரை ரெமிஜியஸ் ஜூன் மாதம் பிடித்தார். ஆனேக்கல்லில் இரண்டு கடை இருக்கிறது, மூன்றாவது வேண்டும் என்றிருந்தவர். வாடகை ஒரு லட்சத்து இருபதாயிரம், பத்து மாத முன்பணம், இரண்டு மாதம் உள்வேலைக்கு வாடகையில்லாமல். எல்லாம் பேசி முடிந்தது. ஜூன் கடைசியிலேயே ஆஷாடம் பிறந்துவிட்டதால் ஜூலை இருபத்தைந்து வெள்ளிக்கிழமை, சிராவணத்தின் முதல் நாள் கையெழுத்து என்று ரெமிஜியஸ் குறித்துக்கொண்டார். வங்கி கேட்ட தேதிக்கு ஆறு நாள் மிச்சம். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சீனிவாசராகவன் பக்கத்தில் சிவப்பு மையில் அவரே எழுதியிருந்தார்: 'ஆடி பார்க்கமாட்டார்.' அதாவது ஆடியிலும் கையெழுத்துப் போடுவார்.

ஜூலை பதினாலு, திங்கட்கிழமை மத்தியானம், ஒப்பந்தத்தின் வரைவை எடுத்துக்கொண்டு மல்லேஸ்வரத்தில் பாமாவின் வீட்டுக்குப் போனார். பாமாவுக்கு அறுபத்தைந்து வயது. ஒன்பது பக்கத்தையும் பென்சில் வைத்துக்கொண்டு படித்தார். ரெமிஜியஸ் காப்பியைக் குடித்துவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இருபத்தஞ்சாம் தேதின்னு போட்டிருக்கேள்" என்றார் பாமா.

"ஆமாம்மா. அதுக்கு மொத நாளு அமாவாச. அத்தோட கடைக்காரருக்கு ஆஷாடம் முடியுது."

"அவருக்கு முடியறது. நமக்கு அன்னிக்கு ஆடி ஒன்பது."

ரெமிஜியஸ் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைப் பார்த்தார். அவர் வீட்டில் இருப்பது கன்னடக் கூட்டுறவு வங்கி ஒன்று கொடுத்தது. கன்னட மாதம் அமாவாசைக்கு அமாவாசை போகும், தமிழ் மாதம் சூரியனோடு போகும். சில வருடம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும், சில வருடம் விலகும். அந்த வருடம் நன்றாக விலகியிருந்தது. ஜூன் இருபத்தாறிலிருந்து ஆகஸ்ட் பதினாறு வரை, முதலில் சன்னவீரப்பாவுக்கு ஆகாது, பிறகு பாமாவுக்கு ஆகாது, நடுவில் ஒரு வாரம் இரண்டு பேருக்குமே ஆகாது.

"சார் இருக்கும்போது அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு ஜூலையிலதான்மா கையெழுத்துப் போட்டாரு. ஆடி பாக்கமாட்டார்னு எழுதியே வெச்சிருக்கேன்."

"அவர் பாக்கமாட்டார். மழையில பாலம் கட்டினவன்டி நான், என்னை ஆடி என்ன பண்ணும்பார். அந்தக் கடைக்காரன் என்ன ஆனான்? சொல்லிக்காம கொள்ளாம காலி பண்ணிண்டு போனான். நான் அன்னிக்கே தலையால அடிச்சுண்டேன்."

ரெமிஜியஸ் எழுதிவைத்தது ஒரு மனிதருடைய குணம். அதைக் கட்டடத்தின் குணம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மனிதர் போய் இரண்டு வருடம் ஆகியும் அந்த வரியை அடிக்கவில்லை.

"முப்பத்தொண்ணுக்குள்ள பேங்க்காரங்க கேக்கறாங்களேம்மா."

"எனக்குத் தெரியாதா? ஆவணி பொறக்க ஆகஸ்ட் பதினேழு ஆயிடும்." பாமா பென்சிலைக் கீழே வைத்தார். "வித்துட வேண்டியதுதான். பிள்ளை ஷ்ரேயாஸ் மறுநாளே டிக்கெட் போட்டுடுவான். கனடால அவன் ஆத்து பால்கனில உக்காந்துண்டு நான் பனி பாக்கணும்."

"பனி நல்லாத்தான்மா இருக்குமாம்."

"அப்போ நீங்க போய்ப் பாருங்கோ."

அந்த வாடகையும் குடும்ப ஓய்வூதியமும்தான் பாமாவை மல்லேஸ்வரத்தில், தன் வீட்டில், தன் கணக்கில் வைத்திருந்தன. அவர் வேறு எதையும் கேட்கவில்லை. ரெமிஜியஸுக்கும் அது தெரியும். தெரிந்துதான் இருபத்தைந்து என்று குறித்திருந்தார்.

"ஆடி எப்பம்மா பொறக்குது?"

"வர வியாழக்கிழமை."

"அப்ப புதன்கெழம இன்னும் ஆனிதானே? நீங்க புதன்கெழம கையெழுத்துப் போட்டுடுங்க. அவரு இருபத்தஞ்சு போடட்டும். ஒரே தாளு, கையெழுத்துக்குக் கீழ ஆளுக்கொரு தேதி. சட்டத்துல அதுக்கு எடம் கீது. ரிஜிஸ்டர் பண்றத ஆவணியில வெச்சுக்கலாம். பேங்க்குக்குக் கையெழுத்து இருந்தாப் போதும், நான் கேட்டுக்கறேன்."

பாமா யோசித்தார். "கையெழுத்து சரி. சாவி? ஆடில என் கையால எடுத்துக் குடுக்கமாட்டேன்."

"சாவியும் புதன்கெழமயே குடுத்துடுங்க."

"அவருக்கு ஆஷாடமாச்சே. வாங்கிப்பாரா?"

"வாங்கமாட்டாரு. எங்கிட்ட குடுங்க. எனக்கு ரெண்டு மாசமும் ஒண்ணுதான்மா."

மகனைக் கேட்காமல் பாமா எதுவும் செய்வதில்லை. அவன் சொன்னபடி செய்வதும் இல்லை. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். ஷ்ரேயாஸின் குரல் தூக்கத்திலிருந்து வந்தது.

"அட்வான்ஸ் வராம சைன் பண்ணி, சாவியும் குடுக்கறதா? யாராவது பண்ணுவாளாம்மா?"

"கடைக்காரர்கிட்ட குடுக்கலடா. ரெமிஜியஸ்கிட்ட."

"அவர் ப்ரோக்கர்."

"ப்ரோக்கர்தான். இங்க வேற யார் இருக்கா, நீயா? உனக்கு அங்க இன்னும் விடியவே இல்லை."

ரெமிஜியஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் சொன்னதில் தவறில்லை. தான் மகனாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை முத்திரைத்தாள் வாங்க நின்றார். மாலையில் வங்கிக்குப் போய், இரண்டு தேதி இருந்தால் பரவாயில்லையா என்று மேலாளரிடம் கேட்டார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையில் வந்தால் சரி, பதிவு பிறகு வரட்டும் என்றார் மேலாளர். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் என்பதால் பதினொன்றரைக்குள் பாமா ஒன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பிறகு மூன்று ஷட்டர் சாவிகள் கோத்த கம்பி வளையத்தை ஒரு வெற்றிலையின் மேல் வைத்துக் கொடுத்தார்.

"பத்திரம்" என்றார்.

ஈஜிபுரா வீட்டில் ரெமிஜியஸின் மனைவி டோரீன், இயேசுவின் படத்துக்குக் கீழே இருந்த மரத்தட்டில் சாவி வளையம் கிடப்பதைப் பார்த்தாள்.

"இது இன்னா, புதுசா நேர்ச்சையா?"

"இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் அங்கியே இருக்கட்டும். தொடாத."

டோரீன் விரல் விட்டு எண்ணினாள். "ஒம்போது நாளு. சாவிக்கு நவநாள் ஜெபம் வெச்சிருக்க. பாட்டு எதுனா பாடணுமா?"

"பாடாத. அது போதும்."

அந்த ஒன்பது நாளில் கடை யாருடையது என்று கேட்டால் தெளிவாகச் சொல்வது கஷ்டம். கொடுத்தவர் கொடுத்துவிட்டார், வாங்குகிறவர் இன்னும் வாங்கவில்லை. ரெமிஜியஸ் இரண்டு தடவை ஹெப்பகோடி போய் ஷட்டரைத் திறந்து காற்று விட்டார். உள்ளே பழைய சூப்பர் மார்க்கெட்டின் அலமாரித் தடம் தரையில் வரிவரியாக இருந்தது. மூலையில் மழைநீர் கசிந்திருந்தது. பெருக்கிவிட்டுப் பூட்டினார்.

இரண்டாவது தடவை பூட்டிக்கொண்டிருக்கும்போது கவியரசன் வந்தான். அத்திபெலேயில் இருக்கிறான். கடன் இறுக்கும் கட்டடங்களாகப் பார்த்து வாங்குவான். எந்த உரிமையாளருக்கு வங்கிக் கடிதம் வந்திருக்கிறது என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"இன்னாணா, ஓனரே ஆயிட்டியா? சாவியும் கையுமா நிக்கற."

"வாட்ச்மேன் வேலதான் தம்பி. பழைய தொழிலு."

டீக்கடைப் பக்கம் கூட்டிப்போனான். "அந்தம்மா ஆகஸ்ட்ல விக்கத்தான் போறாங்க. மூணு கோடிக்குக் கீழ வருவாங்க. எம்பக்கத்துலேருந்து உனக்கு ரெண்டு பர்சென்ட். கணக்குப் போட்டுக்க."

போட வேண்டியதில்லை. ஐந்தரை லட்சத்துக்கு மேல். வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒரு மாத வாடகை, மொத்தம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

"நான் ஏற்கெனவே வாடகைக்குப் பேசிட்டேனே."

"பேசினது பேசினபடி இருக்கட்டும். நீ யாரையும் கெடுக்க வாணாம். ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதும். கடைக்காரன் எதுனா இழுப்பான், பாரு. இழுக்கும்போது நீ புடிக்காத. அவ்ளோதான் வேல."

"நல்ல வேலதான்."

"முட்டி ஆபரேஷனுக்கு ஆச்சுல்ல?"

ரெமிஜியஸ் டீக்குக் காசு கொடுத்தார். கவியரசன் கொடுக்க வந்ததைத் தடுத்துவிட்டார். பஸ் ஏறி வீட்டுக்குக் கிளம்பினார். மேம்பாலத்துக்குக் கீழே பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. ஐந்தரை லட்சம் கூடவே உட்கார்ந்து வந்தது.

கவியரசன் சொன்னது போலவே, இருபத்துநாலாம் தேதி அமாவாசை சாயங்காலம் சன்னவீரப்பா கூப்பிட்டார். அவரோடு பேச்சு எப்போதும் கன்னடத்தில். பெரிய குரல், சண்டைக்காரர் இல்லை.

"ரெமிஜியஸ் அவ்ரே, என் ஆள் வந்து பார்த்தான். தரையை ஏத்தணுமாம். கரண்டும் பத்தாது, பெரிய லைன் எடுக்கணும். அதுக்கே ரெண்டு மாசம் போயிடும். வாடகையில்லாத மாசத்தை நாலாக்கிக் கொடுங்க. இல்லேன்னா வாடகையை ஒரு லட்சம் பண்ணுங்க."

"வாடகையைத் தொட முடியாது. பேங்க்கு இருக்கு."

"அப்போ நாலு மாசம். ஒரு எழுத்துதானே? ரெண்டை அடிச்சு நாலுன்னு போட்டு, அந்தம்மாவோட சின்னக் கையெழுத்து வாங்கிடுங்க."

"அவங்களுக்கு ஆடி. போடமாட்டாங்க."

சன்னவீரப்பா சிரித்தார். "ஒரு எழுத்துக்கா ஆடி?"

"நீங்க ஆஷாடத்துல ஒரு எழுத்துப் போட்டீங்களா சார்?"

"அதுவும் சரிதான். ஆவணியிலே மாத்திட்டு அப்புறம் நான் போடறேன். எனக்கு அவசரம் இல்லை" என்றார்.

ரெமிஜியஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே படத்துக்குக் கீழே சாவி. 'சரி சார், ஆவணியில பாக்கலாம்.' இதைச் சொன்னால் போதும். பொய்யில்லை. யாரும் குற்றம் சொல்ல முடியாது. கடைக்காரர் கேட்டார், உரிமையாளர் ஆடி பார்க்கிறார், தேதி தவறிவிட்டது. முப்பத்தொன்று வரும், போகும். பாமா பெட்டி கட்டுவார். ஐந்தரை லட்சம் வரும். ஏறுகிற படிகளில் பாதி குறையும்.

ஆனால் இருபத்தைந்தாம் தேதி என்று குறித்தது அவர். ஆடி இருப்பதைப் பார்க்காமல் குறித்தது அவர். அந்த அம்மா அவசர அவசரமாக ஆனியின் கடைசி நாளில் ஒன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டது அதனால்தான். ஒழுங்காக இரண்டு நாட்காட்டியையும் பார்த்திருந்தால், எல்லாரையும் ஜூன் மூன்றாவது வாரத்திலேயே உட்காரவைத்திருக்கலாம். தரை, கரண்ட் எல்லாம் அப்போதே பேசி எழுதியிருக்கலாம். அளவில் தப்பு நடந்தால் திரும்பப் போய் அளந்து கொடுப்பார். அதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை. இதுவும் அளவுத் தப்புதான்.

"சார், தாள மாத்தாம ஒண்ணு சொல்றேன்" என்றார் கன்னடத்தில். "நீங்க எனக்குத் தர வேண்டிய கமிஷன் ஒரு மாச வாடகை. அது வேணாம்."

"அது ஒரு மாசம். நான் கேட்டது ரெண்டு."

"கரண்ட் லைனுக்கு விண்ணப்பம் போடறது, ஆபீசுக்கு நடக்கறது, ஆளக் கூட்டிட்டு வர்றது, எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க ஆனேக்கல்லுல ஒக்காந்துக்குங்க. ஒரு மாசம் என் கமிஷன். இன்னொரு மாசம் என் முட்டி."

சன்னவீரப்பா மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு சின்னதாக இருந்தது. "உங்களுக்கு அந்தம்மா சொந்தமா?"

"இல்ல சார்."

"பின்னே?"

"தேதி நான் போட்டது" என்றார் ரெமிஜியஸ்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். சன்னவீரப்பா ஒன்பது மணிக்கே மனைவியோடு வந்துவிட்டார். ரெமிஜியஸ் ஷட்டரைத் திறக்கவில்லை. சாவியை ஒரு வாழைப்பழச் சீப்போடு தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். அந்த அம்மாள் எடுத்துக்கொண்டாள். ஷட்டரில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை வெட்டி இரண்டு பக்கமும் போட்டார்கள். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. ரெமிஜியஸ்தான் குனிந்து தூக்கிவிட்டார். சன்னவீரப்பா கையோடு கொண்டுவந்திருந்த புது மேஜையின் மேல் தாளை விரித்து, பாமாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டு, கீழே தேதி எழுதினார். முன்பணத்தை அங்கேயே நின்று கைபேசியில் பாமாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார்.

ரெமிஜியஸ் பாமாவுக்குப் போன் செய்தார்.

"வந்துடுச்சாம்மா?"

"வந்துடுத்து."

"ஆடியில பணம் வந்தா பரவாயில்லயா?"

"பணத்துக்கு ஆடி கிடையாது" என்றார் பாமா. குரலில் ஒரு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் காற்று வந்திருந்தது. "காப்பி சாப்பிட்டேளா? நின்னுண்டே இருக்காதேங்கோ."

இருபத்தெட்டாம் தேதி வங்கிக்குப் போனார். மேலாளர் வாடகைத் தொகையைப் பார்த்தார், இரண்டு தேதிகளைப் பார்த்தார், முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். நாற்பது லட்சம் என்ற பேச்சு முடிந்தது. கவியரசன் பிறகு போன் செய்யவில்லை. வேறு கட்டடம் பார்த்திருப்பான்.

ஆகஸ்ட் முதல் இரண்டு வாரமும் ரெமிஜியஸ் கரண்ட் ஆபீஸ் படிகளில் இருந்தார். அங்கே உட்காரும் பெஞ்சு ஒன்று. அதில் எப்போதும் ஆள். ஒரு நாள் கையில் இல்லாத வரைபடத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். வரைபடத்தை அவரே அளந்து போட்டுக்கொண்டு போனார். தூண்களையும் குறித்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

"எவ்ளோ வந்துச்சு?" என்று டோரீன் கேட்டாள், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

"பாதி வரும். அந்தம்மா ரிஜிஸ்டர் அன்னிக்குக் குடுப்பாங்க."

"மீதி?"

"மீதி கன்னடக் காலண்டர மட்டும் பாத்ததுக்கு."

டோரீன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஒரு தமிழ்க் காலண்டரு இன்னா வெல? நாப்பது ரூவாயா? வாங்கித் தொலச்சிருக்கலாம் இல்ல."

"இப்ப வாங்கிட்டேன்."

கதவுக்குப் பின்னால் அது தொங்கியது, கன்னடக் கூட்டுறவு வங்கியின் நாட்காட்டிக்குப் பக்கத்தில். ஆகஸ்டில் வாங்கியதால் கடைக்காரன் பாதி விலைக்குக் கொடுத்திருந்தான்.

ஆவணி பிறந்து நாலாம் நாள், பதிவு அலுவலகத்தில், பாமாவும் சன்னவீரப்பாவும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் கன்னடத்தில் மழையைப் பற்றிப் பேசினார்கள். கட்டைவிரல் வைத்தார்கள், கேமராவைப் பார்த்தார்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கமிஷன் பற்றிச் சன்னவீரப்பா எதுவும் சொல்லவில்லை. ரெமிஜியஸும் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மா இன்னொரு உறையை நீட்டுவார். அதை மறுத்துப் பேச இன்னொரு அரை மணி நேரம் ஆகும்.

வெளியே வரும்போது பாமா வெற்றிலை பாக்கோடு உறையைக் கொடுத்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு ஞாபகம் வந்தவர் போல வெளியே எட்டிப்பார்த்தார்.

"சொல்ல மறந்துட்டேன். ரெண்டாவது மாடி பல் டாக்டர் காலி பண்றாராம். டிசம்பர்ல. வேற யாரையாவது பாக்கணுமே."

ரெமிஜியஸ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். சிவப்பு வரி அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை.

"டிசம்பர் பதினாறுக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா?" என்று கேட்டார். "அப்புறம் மார்கழி வந்துடும்."